கோழிக்கு ஒரு வீடு

வரலாறு என்றவுடனே நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கோட்டைகளும் கோபுரங்களும் அரண்மனைகளுமே. மன்னன் உறங்கிய மாடத்தின் நீள அகலங்களை ஆராய்ந்து எழுதியவர் பலர். அம்மாளிகையின் கொல்லைப்புறத்தில் கோழி எங்கே உறங்கிற்று என்று கேட்டவர் மிகச் சிலர். ஆனால் மன்னனுடைய மாடம் நாட்டுக்கு ஒன்று. கோழிக்கூடோ வீட்டுக்கு ஒன்று. மிகுதியான மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிய பொருளின் வரலாறும் அறியத்தக்கதே அல்லவா? ஆகவே இன்று கோழிக்கூட்டின் வரலாற்றைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

ஒரு சிறு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு குடும்பத்தார் கொல்லையில் ஐந்தாறு கோழிகள் வளர்க்க விரும்புகிறார்கள். கையில் இருப்பது சிறு தொகை. அவர்கள் எத்தகைய கூட்டைத் தேர்ந்துகொள்வது? இது தச்சரிடமோ கடைக்காரரிடமோ கேட்க வேண்டிய கேள்வி, இதில் வரலாற்றுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் இதே கேள்வியை மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். விடைகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சிலர் பணத்தை இழந்து விடை கண்டனர். சிலர் கோழியை இழந்து விடை கண்டனர். அவற்றை அறிந்துகொண்டால் நாம் இரண்டையும் இழக்க வேண்டியதில்லை.

கூட்டைப் பற்றிப் பேசுமுன் கோழியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் கோழிகளுக்கு முன்னோன் செங்காட்டுக் கோழி என்னும் காட்டுப் பறவை. அதன் உள்ளினங்களுள், பர்மா, வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனம் ஆகிய பகுதிகளில் வாழும் ஒன்றே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கிய உறவினது என்று 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. நம் தென்னாட்டு மலைகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக் கோழிக்கும் இவ்வுறவில் ஒரு பங்கு உண்டு. பல கோழிகளின் தோலிலும் காலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு, இந்தத் தென்னாட்டுக் கோழியிடமிருந்தே வந்திருத்தல் கூடும் என்று 2008-இல் அறிஞர்கள் கண்டனர்.

இக்காட்டுக் கோழிகள் பகலெல்லாம் தரையைக் கிளறி இரை தேடும். பொழுது சாயும் வேளையில் மரக்கிளைக்குத் தாவி ஏறிவிடும். காரணம் எளியது. கோழியின் கண் பகலொளிக்கென அமைந்த கண். வண்ணங்களை அது மிக நன்றாகக் காணும். இருளில் அதன் பார்வை மங்கிவிடும். இரவில் கண் தெரியாத பறவைக்குக் காப்பு உயரமான கிளையே. மனிதன் அதனைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொணர்ந்தபோது, அது இழந்த கிளைக்கு ஈடாக அவன் கொடுக்கக் கடமைப்பட்ட பொருளே கோழிக்கூடு. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னர்க் கூறப்போகும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

நம் தமிழ் இலக்கியத்திலே இதற்குச் சான்று இருக்கிறது. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. அதில் ஓர் உவமை வருகிறது. மாலை நேரம்; வேலியோரத்தில் காட்டுப் பூனைகள் வந்துவிட்டன. அவற்றைக் கண்ட வீட்டுக் கோழிப் பேடை, எங்கே புகுவது என்று அறியாமல், தன் குஞ்சுகளைக் கூவி அழைத்து ஒன்றுசேர்க்கிறது. தலைவனைச் சூழ்ந்து எழுந்த ஊர்ப்பேச்சுக்கு இக்கூவலை உவமையாக்குகிறார் புலவர். நமக்கு இங்கே வேண்டியது உவமேயம் அன்று, அப்பேடையின் நிலை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கோழிக்கு நேரும் இடர் மாலையில் வருகிறது என்பதையும், அதற்கு வேண்டியது புகுமிடம் என்பதையும் ஒரு பெண்மணி கூர்ந்து நோக்கியிருக்கிறார். கொல்லையில் கோழியை எண்ணி அடைத்துப் பழகிய கண்ணுக்கே இது புலப்படும்.

அந்தப் புகுமிடத்தை நம் முன்னோர் எவ்வாறு அமைத்தனர்? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மூன்று முறைகள் வழங்கின. இன்றும் பல ஊர்களில் வழங்குகின்றன. முதலாவது பஞ்சாரம். மூங்கிற் பிளாச்சினால் மணியின் வடிவில் முடைந்து, அடி இல்லாமல் கவிழ்த்து வைப்பது. பகலில் குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்கைக்கும் தப்புவித்து வைக்க இதனினும் எளிய கருவி வேறில்லை. வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லலாம். காற்றும் ஒளியும் தடையின்றிப் புகும். இரண்டாவது, குடாப்பு என்று சில வட்டாரங்களில் வழங்கும் சிறு கூடு. மண்ணாலோ கல்லாலோ கட்டி, ஓலை வேய்ந்து, முன்புறம் ஒரு சிறு வாயில் விடுவது. மூன்றாவது, வீட்டுத் திண்ணையின் அடியிலேயே ஒரு பொந்து விட்டுக் கட்டுவது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் இந்த மூன்றும் இருந்தன. திண்ணைப் பொந்துக்குப் பலகைக் கதவு. கதவுக்கு ஓர் அம்மிக் குழவி காவல். அத்தெருவில் இருந்த ஒரு மூதாட்டியார், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு கோழியாக எண்ணி உள்ளே விட்டுக் குழவியைச் சார்த்துவார். எண்ணிக்கை குறைந்தால் அன்று வீட்டில் அடுப்பெரியத் தாமதமாகும். அந்தக் கோழிகள் இட்ட முட்டைகளின் விலையே அவருடைய சிறுவாட்டுக் காசு. பேரனுக்கு வாங்கிய சிலேட்டும் பள்ளிக்குக் கட்டிய சம்பளமும் அதிலிருந்து வந்தவை என்பதைப் பின்னரே அறிந்தேன். ஒரு கீரி உள்ளே புகுந்தால் கொல்லப்படுவது கோழி மட்டும் அன்று என்பதை அந்த எண்ணிக்கை எனக்குக் கற்பித்தது.

இம்முறைகளின் நிறைகளைக் கூறிய நான் குறைகளையும் கூறல் வேண்டும். பஞ்சாரம் இரவுக்கு உரியதன்று; வலிய நாய் ஒன்று முட்டினால் கவிழ்ந்துவிடும். திண்ணைப் பொந்து திருடனுக்கும் நரிக்கும் அஞ்சாதது. ஆனால் அதில் காற்றில்லை. எச்சத்திலிருந்து எழும் நெடி உள்ளேயே தங்கும். கை எட்டாத மூலையைப் பெருக்க முடியாது. மழைக்காலத்தில் ஈரம் ஊறும். சுவரின் வெடிப்புகளில் உண்ணி குடியேறி, இரவில் வெளிவந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். காவலைத் தேடியவர் காற்றை மறந்தார் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். இந்த மறதி நமக்கு மட்டும் உரியதன்று; மேல்நாட்டு வரலாற்றிலும் இதனை மீண்டும் காணப்போகிறோம்.

இனி உரோமாபுரிக்குச் செல்வோம். கோழிக்கூட்டை அடியளவு கூறி எழுதிவைத்த பழைய ஆசிரியர்களுள் ஒருவர் வார்ரோ. அவர் தம் எண்பதாம் ஆண்டில், கி.மு. 37-இல், வேளாண்மையைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அதன் மூன்றாம் பகுதியில் 200 கோழிகளுக்கு உரிய அமைப்பைக் கூறுகிறார். வேலியிட்ட ஓர் இடம். அதில் அடுத்தடுத்து இரண்டு கூடுகள், கிழக்கு நோக்கியவை. ஒவ்வொன்றும் சுமார் பத்தடி நீளம், அதிற் பாதி அகலம், உயரம் அதனினும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு கூட்டுக்கும் மூன்றடி அகலமும் அதனினும் ஓரடி கூடுதலான உயரமும் உள்ள ஒரு சாளரம். அச்சாளரத்தை இடைவெளி விட்டு முடைந்த மிலாற்றுப் பின்னலால் அடைக்க வேண்டும். வெளிச்சம் நிரம்பப் புக வேண்டும். கோழிக்குத் தீங்கு செய்யும் எதுவும் புகலாகாது. உள்ளே கோழிகள் யாவும் அமரத்தக்கவாறு குறுக்கே பல கழிகள்; கழிகளுக்கு எதிரே சுவரில் முட்டையிடும் குழிகள்.

இவ்வளவுகளைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சுவர் ஐந்தடி உயரமும் இல்லை, சாளரம் நான்கடி. ஆகவே சுவரின் உயரத்திற் பெரும்பகுதி காற்றுக்கே விடப்பட்டது. இரண்டு கூடுகளின் தரையையும் சேர்த்தால் நூறு சதுர அடி. 200 கோழிகளுக்கு நூறு சதுர அடி எவ்வாறு போதும்? கூடு இரவுக்கு மட்டுமே. கோழிகள் தரையில் நெருங்கிக் கிடக்கவில்லை, கழிகளின்மீது வரிசை வரிசையாக அமர்ந்தன. பகலுக்கு வெளியே வேலியிட்ட முற்றம் இருந்தது. சிறு கூடும் பெரு முற்றமும் சேர்ந்தே ஒரு முழுமையான வீடு. பழைய ஆசிரியரைப் படிக்கும்போது அவர் கூறிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிடலாகாது.

வார்ரோவுக்குப் பின் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியவர் கொலுமெல்லா. ஸ்பெயின் நாட்டில் பிறந்த இவர் அனுபவம் மிக்க உழவர். அமரும் கழியை உருண்டையாக விடாமல் சதுரமாகச் செதுக்குங்கள், வழவழப்பான உருண்டைக் கழியில் பறவையின் கால் நிலைக்காது என்கிறார். தாழ்வாரத்தின் ஓரத்தில் உலர்ந்த புழுதியும் சாம்பலும் இட்டுவையுங்கள், கோழி அதில் புரண்டு தன் உடலைத் தூய்மை செய்துகொள்ளும் என்கிறார். கூட்டை அடுக்களையை ஒட்டி அமைத்தால் புகை உள்ளே செல்லும், அது கோழிக்கு நலம் என்றும் கூறுகிறார். புகையின் நலத்தை இன்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் செதுக்கிய கழியும் சாம்பற்குழியும் செலவில்லாதவை, இன்றும் ஏற்கத்தக்கவை.

அங்கிருந்து பதினெட்டு நூற்றாண்டுகளைக் கடந்து இங்கிலாந்துக்கு வருவோம். இடைப்பட்ட காலத்தில் கோழி ஏழையின் கொல்லையிலேயே இருந்தது. அதன் வீட்டைப் பற்றிப் பெரியோர் கவலைப்படவில்லை. 1840-களில் நிலை மாறிற்று. விக்டோரியா அரசியார் விண்ட்ஸர் மாளிகைத் தோட்டத்தில், கோதிக் பாணியை ஒட்டிய ஓர் அழகிய கோழி மாளிகையைக் கட்டுவித்தார். சீனத்திலிருந்து கப்பலேறி வந்த பெருங்கோழிகள் அங்கே காட்சியளித்தன. அரசியார் செய்ததைச் செல்வர் செய்தனர். செல்வர் செய்ததைச் செல்வராக விரும்பியோர் செய்தனர்.

இந்த ஆசை கடலைக் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றது. 1849 நவம்பரில் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய கோழிக் கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் சில ஆண்டுகள் மக்களுக்குக் கோழிமீது ஒரு வெறியே பிடித்துவிட்டது. அக்காலத்தை வரலாற்றாசிரியர்கள் கோழிக் காய்ச்சல் என்றே அழைக்கிறார்கள். ஒரு சோடிக் கோழிக்காகப் பெருந்தொகை கொடுத்தனர். அதனை வைக்க அதைவிடப் பெருந்தொகையில் சித்திர வேலைப்பாடு மிக்க கூடுகள் கட்டினர். பர்னம் என்னும் பாஸ்டன் வணிகர் 1852-இல் விக்டோரியா அரசியாருக்கே கோழிகளை அனுப்பிப் பெயர் பெற்றார். அவ்வினத்துக்குப் பிற்காலத்தில் நிலைத்த பெயர் பிரமா. நம் பிரமபுத்திரா ஆற்றின் பெயரைச் சுருக்கியது. காய்ச்சல் தணிந்தபின் 1855-இல் அதே வணிகர் அந்த வெறியைக் கேலி செய்து ஒரு நூல் எழுதி, அதையும் விற்றார்! கோழி வளர்த்தவர் பலர் நட்டமடைந்தனர். காணும் மனிதனின் கண்ணுக்காகக் கட்டிய கூடு, உறங்கும் கோழிக்கு எந்தப் பயனையும் கூடுதலாகத் தரவில்லை.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஓசையின்றி ஒரு நன்மையும் நிகழ்ந்தது. 1844-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து இரும்பு வணிகர் சார்லஸ் பார்னார்டு என்பவர், துணி நெய்யும் தறியைப் பார்த்துக் கம்பியில் வலை பின்னும் பொறி ஒன்றை அமைத்தார். அறுகோணக் கண்களையுடைய அந்த வலையை இன்றும் கோழிவலை என்றே கூறுகிறோம். வார்ரோ மிலாற்றால் முடைந்த சாளரத்தை ஏழைக் குடியானவனும் இரும்பிலே பெறும் காலம் வந்தது. விண்ட்ஸர் மாளிகையைவிட இவ்வலையே கோழி இனத்துக்குப் பெரிய உபகாரம் என்பது என் கருத்து.

எனினும், வலை கிடைத்த பின்னரும் மனிதர் காற்றின் அருமையை உணர நெடுங்காலம் ஆயிற்று. குளிர் மிகுந்த அமெரிக்க வடநாட்டில், கோழிக்குக் குளிருமே என்று இரக்கப்பட்டு, இடுக்கில்லாமல் பலகை அடித்துக் கண்ணாடிச் சாளரம் வைத்து மூடினர். பறவையின் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர்களில் வியர்த்தது, கோழிகள் நோயுற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரின்ஸ் உட்ஸ் என்னும் மருத்துவர் இதற்கு நேர்மாறான கருத்தை வற்புறுத்தினார். கூட்டின் முன்புறத்தைத் திறந்துவிட்டு வலை மட்டும் அடியுங்கள். மற்ற மூன்று பக்கங்களையும் அடைத்து, குளிர்காற்று நேராக வீசாதபடி உட்புறத்திலே கோழியை அமர்த்துங்கள். உலர்ந்த குளிரைக் கோழி தாங்கும், ஈரத்தை அது தாங்காது என்றார். பனி பெய்யும் நாட்டிலேயே திறந்த கூடு சிறந்தது என்றால், நம் நாட்டுக்குக் கேட்பானேன்?

இப்பொழுது இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதிக்கு வருகிறோம். முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917-இல் இறங்கிற்று. உணவை மிச்சப்படுத்த வேண்டிய நெருக்கடி. வீட்டில் உள்ள ஓர் ஆளுக்கு இரண்டு பெட்டைக் கோழிகள் கொல்லையில் இருந்தால் குடும்பத்துக்குப் புது முட்டை கிடைக்கும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை சுவரொட்டி அடித்துப் பரப்பிற்று. அடுக்களைக் கழிவைத் தின்று முட்டையாக மாற்றித் தரும் பறவையைவிடச் சிக்கனமான தோழன் யார்? ஆனால் நகரத்து மக்கள் கூட்டுக்கு எங்கே போவார்கள்? பலகையும் ஆணியும் போருக்குப் போய்விட்டன.

அதற்கு அத்துறையின் சிறு நூல் கூறிய யோசனைகளுள் ஒன்று பியானோப் பெட்டி. அந்நாளில் அமெரிக்க இல்லங்களில் பியானோ என்னும் இசைக்கருவி மிகுதி. அது வந்து இறங்கிய பெரிய மரப்பெட்டிகள் கடைகளில் கிடந்தன. இரண்டு பெட்டிகளின் பின்பலகைகளைக் கழற்றிவிட்டு, ஒன்றோடொன்று பொருத்தி ஆணியடித்து, மேலே நீர் ஒழுகாத தாள் வேய்ந்து, முன்புறம் ஒரு வலைச் சாளரம் வைத்தால் கூடு ஆயிற்று. கழற்றிய பலகைகளே கழிக்கும் முட்டைப் பெட்டிக்கும் உதவும். கோழிக்கு வேண்டியவை உலர்ந்த தரை, தூய காற்று, வெளிச்சம், போதிய இடம் என்பவையே. விலையுயர்ந்த கட்டடம் அன்று என்று அரசாங்கமே எடுத்துரைத்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலும் இதே நிலை வந்தது. முட்டைக்குப் பங்கீடு ஏற்பட்டது. தம் பங்கு முட்டையை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்குக் கோழித் தீவனம் வழங்கப்பட்டது. மரத்துக்கும் கட்டுப்பாடு இருந்தமையால், கிடைத்த பழம்பலகைகளைக் கொண்டே மக்கள் கூடு சமைத்தனர். விண்ட்ஸர் மாளிகை ஓர் அரசியாரின் கோழிகளைக் காத்தது. பழம்பெட்டிகளோ எண்ணற்ற குடும்பங்களின் காலை உணவைக் காத்தன.

இதற்கிடையே, வரலாறு வேறொரு திசையிலும் திரும்பிவிட்டது. 1923-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் ஊரில் செசில் ஸ்டீல் என்னும் இல்லத்தரசியார், முட்டைக்காக 50 குஞ்சுகள் அனுப்புமாறு எழுதினார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. வளர்த்து இறைச்சிக்கு விற்றார். நல்ல ஆதாயம் கண்டார். சில ஆண்டுகளில் பதினாயிரம் கோழிகள் வளர்க்கும் நிலைக்கு உயர்ந்தார். அவர் முதன்முதலில் பயன்படுத்திய, பதினாறு அடிச் சதுரமான எளிய மரக்குடில் இன்று வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இன்றைய இறைச்சிக்கோழித் தொழிலின் பிறப்பிடம் அதுவே என்பர்.

அத்தொழில் வளர்ந்தபோது, ஒரு கோழிக்கு ஆகும் செலவை எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேள்வியாயிற்று. முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக நெருங்கின. கழி போயிற்று, சாம்பற்குழி போயிற்று, முற்றமும் போயிற்று. ஐரோப்பிய நாடுகள் 1999-இல் சட்டம் செய்து, 2012 முதல் அத்தகைய வெறுங்கூண்டுகளை விலக்கின. கூண்டிலே வைப்பதாயினும் கழியும் முட்டையிடும் இடமும் கிளறும் இடமும் வேண்டும் என்றன. கொலுமெல்லா கூறியவற்றுக்கே சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தனர் என்று சொல்லலாம். மலிவு என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. குடும்பத்தின் கைக்கு எட்டுவது ஒன்று. கோழியின் தேவையை அறுத்து மிச்சம் பிடிப்பது மற்றொன்று. கொல்லைப்புறக் கூட்டுக்கு நாம் தேட வேண்டிய மலிவு முன்னதே.

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை காணலாம். ஆறு கோழிகள் வளர்க்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் வெளியே மேயும் கோழி ஒன்றுக்கு இரவுக் கூட்டில் இரண்டு சதுர அடி போதும். எனவே நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூடு ஆறு கோழிக்கு உரியது. கழியில் ஒரு கோழி அமர எட்டங்குலம் வேண்டும். நான்கடிக் கழியில் ஆறு கோழிகள் அமரும். ஓரடிச் சதுரமான முட்டைப் பெட்டிகள் இரண்டு போதும். கோழிகள் பகலிலும் வெளியே செல்ல வழியில்லை என்றால், கூட்டோடு ஒட்டி, கோழி ஒன்றுக்கு எட்டு முதல் பத்துச் சதுர அடியில் வலையிட்ட முற்றம் வேண்டும். கடையில் கூடு வாங்குவோர், இத்தனை கோழிக்கு என்று அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், ஓர் அளவுகோலைக் கொண்டுபோய் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது? செலவிட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று வலை. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். பகைவனை வெளியே வைக்காது. அதன் பெரிய கண்களில் பாம்பும் எலியும் நுழையும். மெல்லிய கம்பியை நாய் பற்களால் கிழிக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த வலையே இரவுக் கூட்டுக்கு ஏற்றது. இரண்டாவது, இடுக்கின்றிப் பொருந்தும் கதவும் நல்ல தாழ்ப்பாளும். மூன்றாவது, தரை. கூட்டை இரண்டு மூன்றடி உயரத்தில் கால்களின்மீது நிறுத்தினால் மழைநீரும் பெருச்சாளியும் அணுகா. அல்லது தரையை மேடாக்கித் தளமிட்டு, மேலே உமியோ கடலைத் தோலோ பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரமானதை மாற்ற வேண்டும். இம்மூன்றிலும் சிக்கனம் செய்தவன் கோழியை விலையாகக் கொடுப்பான்.

மிச்சம் பிடிக்கக்கூடியவை பல. சுவருக்குப் பழம்பலகையோ மூங்கிலோ போதும். கூரைக்கு நாட்டு ஓடோ தென்னங்கீற்றோ போதும். கீற்றை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். தகரம் வேய்ந்தால் மேலே கீற்றுப் பரப்பியோ வெள்ளையடித்தோ வெப்பத்தைத் தணிக்க வேண்டும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்தே வெப்பத்தை ஆற்றிக்கொள்ளும். ஆகவே நம் நாட்டில் கோழிக்குக் குளிரினும் வெயிலே பெரும் பகை. வார்ரோ கிழக்கு நோக்கி வைக்கச் சொன்னது அவர் நாட்டுக் காலைக் குளிருக்காக. நாம் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையுமாறு வைத்தால், நீண்ட பக்கங்களில் வெயில் நேரே படாது. ஒரு வேப்பமரத்து நிழலுக்கு விலையில்லை. வண்ணமும் சித்திர வேலையும் முற்றிலும் மிச்சம். பழைய கூடு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் வெடிப்புகளில் உண்ணி பதுங்கியிருக்கும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடித்த பின்னரே கோழியை விட வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் மிக முக்கியமான பயன் ஒன்று எஞ்சியிருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் என்று நம் மக்கள் அஞ்சும் கொள்ளைநோய், 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதல் இனங்காணப்பட்டது. அதனையடுத்து நம் நாட்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேட் என்னும் ஊரில் அறியப்பட்டமையால், இங்கு அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. ஓர் ஊரின் கோழிகளையெல்லாம் சில நாட்களில் வாரிக்கொண்டு போகக்கூடியது அது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. ஆனால் மரத்தில் உறங்கும் கோழியை யார் பிடித்து ஊசி போடுவது? மாலையில் தானாகவே கூட்டுக்குள் வந்து அமரும் கோழியை, ஒரு சிறுமிகூட அதிகாலையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிடலாம். கூடு என்பது கீரியிடமிருந்து மட்டும் காப்பதன்று. மருத்துவன் கைக்குக் கோழியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. நல்ல கூடு இல்லாத வீட்டில் தடுப்பூசியும் பயனின்றிப் போகும். ஓராண்டுச் சிறுவாட்டுக் காசு ஒரு வாரத்தில் மறையும்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றை நீங்கள் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ கோழிக்கூடு இருக்குமாயின், ஒரு மாலை அதன் அருகே சென்று நில்லுங்கள். நீள அகலத்தை அளந்து, உள்ளே எத்தனை கோழிகள் என்று எண்ணுங்கள். கழி இருக்கிறதா, தரை உலர்ந்திருக்கிறதா, மேலே காற்றுப் புக வழியிருக்கிறதா, வலையின் கண்ணில் உங்கள் கட்டைவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். குறை கண்டால், அதைத் தீர்க்க என்ன செலவாகும் என்று வீட்டாரோடு அமர்ந்து கணக்கிடுங்கள். பெரும்பாலும் அது ஒரு முழ வலையும் ஒரு தாழ்ப்பாளுமாகவே இருக்கும். மாசாத்தியார் கண்ட பேடைக்குக் கிட்டாத புகுமிடத்தை உங்கள் கொல்லையிலுள்ள பேடைக்கு அமைத்துத் தர, அவ்வளவு செலவு போதும்.